கல்லடி பட்ட புத்தகம்

ஜன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்த முதல் கல், மேசைமேல் கிடந்த தடித்த புத்தகத்தில் விழுந்து உருண்டது. அரசியல் அறிவியல் துறைத்தலைவர் அதற்குள் மேசைக்கு அடியில் போயிருந்தார். அந்த உடம்பில் அவ்வளவு சுறுசுறுப்பை யாரும் எதிர்பார்க்கவில்லை.

"அந்தப் புதுப் புத்தகத்தைத் தூக்கிப் போடுங்க! இல்லேன்னா உங்களைத் தூக்கிப் போடுவோம்!" என்று கீழே கத்தினார்கள். கையில் இரும்புக் கம்பியோடு முன்னால் நின்றவன் டயர். எங்கே கலவரம் என்றாலும் முதல் டயரைக் கொளுத்துகிறவன் என்பதால் பல்கலைக்கழகமே சேர்ந்து வைத்த பெயர் அது.

அறைக்குள் தலைவர், பேராசிரியை, இளம் விரிவுரையாளர் என மூன்று பேர்தான். முதலாண்டு மாணவர்களுக்கு அறிமுகப் பாடப்புத்தகம் தேர்ந்தெடுக்கக் கூடியிருந்தார்கள். ஒன்று, காலங்காலமாக நடத்திவந்த பழைய தடிப் புத்தகம். இன்னொன்று, யாரோ ஓர் அம்மாள் புனைபெயரில் எழுதிய புதுசு. புதுசு இன்னும் கடைக்குக்கூட வரவில்லை. பதிப்பகம் இவர்கள் மூவருக்கு மட்டும் மாதிரிப் பிரதி அனுப்பியிருந்தது.

கல் விழும்வரை பேச்சு பழைய புத்தகத்தின் பக்கம்தான் சாய்ந்திருந்தது. "புதுசு ரொம்ப மேலோட்டமா இருக்கு. படிச்சா பாஸாவாங்க, யோசிக்க மாட்டாங்க" என்று பேராசிரியையே சொல்லிவிட்டார். கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி.

"ஏழாவது அத்தியாயத்துல எங்களை அடியாளுங்கன்னு எழுதியிருக்கு! எழுதின கையை ஒடிப்போம்!" என்றான் டயர். தான் அடியாள் இல்லை என்று நிரூபிக்க இன்னொரு கல்லையும் விட்டான்.

விரிவுரையாளருக்கு முகம் வெளுத்திருந்தது. "மேடம், நமக்கெதுக்கு வம்பு? அவங்க சொல்றபடியே புதுசைத் தள்ளிடலாம். உங்களுக்கும் பழசுதானே பிடிச்சிருந்தது?"

பேராசிரியை அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அது கல்லு வர்றதுக்கு முன்னாடி."

"கூட்டத்தை ஒத்திவைக்கலாமே..." மேசைக்கு அடியிலிருந்து தலைவரின் யோசனை வந்தது.

"கல்லுக்குப் பயந்து ஒரு புத்தகத்தைத் தள்ளிட்டு, நாளைக்கு எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு சார் ஜனநாயகம் பாடம் எடுக்கிறது?"

அதற்குத் தலைவர் பதில் சொல்வதற்குள் கதவு பெயர்ந்து விழுந்தது. உள்ளே புகுந்தவர்கள் அலமாரியைக் கவிழ்த்தார்கள். மேசையைப் புரட்டிப் போட்டு, கீழே சுருண்டிருந்த தலைவரை விலாவில் மிதித்தார்கள். அவர் அலறிய அலறல் கேட்கச் சகிக்கவில்லை.

டயரின் கம்பி விரிவுரையாளரின் தோளில் இறங்கியது. அவர் "அம்மா!" என்று சரிந்தார். பேராசிரியை மட்டும் புதுப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றார்.

கும்பலில் எவனோ ஒருவன் தண்ணீர் ஜாடியை வீசினான். அது சுவரில் பட்டுச் சிதறியது. ஒரு கண்ணாடிச் சில்லு பேராசிரியையின் இடது கண்ணில் பாய்ந்தது.

ஒரே ஒரு முறை கத்தினார். பிறகு ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு, தரையில் துழாவிப் பேனாவை எடுத்தார். விரல் இடுக்கில் ரத்தம் கொட்டக் கொட்டத் தீர்மானத் தாளில் புதுப் புத்தகத்தின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"கொல்லணும்னா கொல்லுங்கடா. புத்தகம் இதுதான்!"

பெண் பிள்ளைக்கு இருக்கும் துணிச்சல் தனக்கு இல்லையே என்று தலைவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. படுத்தபடியே அவரும் கையெழுத்திட்டார். கடைசியாக விரிவுரையாளரும் போட்டார். தூரத்தில் போலீஸ் வண்டியின் சத்தம் கேட்டதும் டயர் விசிலடிக்க, கும்பல் படியிறங்கி ஓடியது.

ஆஸ்பத்திரி வாசலில் கூட்டம் நெரிந்தது. எந்தப் புத்தகத்தையும் இரண்டு பக்கத்துக்கு மேல் தாண்டாத மாணவர்கள்கூட, "அந்தப் புத்தகம்தான் வேணும்!" என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். துணைவேந்தரே நேரில் வந்து, தேர்வை யாராலும் மாற்ற முடியாது என்று அறிவித்துவிட்டுப் போனார்.

"இடது கண்ணைக் காப்பாத்த முடியலைம்மா" என்றார் டாக்டர்.

பேராசிரியை கண்கட்டைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் சிரிக்க முயன்றார். "பரவாயில்லை டாக்டர். அறிமுகப் புத்தகம்தானே, ஒரு கண்ணு போதும்."

அதைக் கேட்டுக்கொண்டு நிற்க விரிவுரையாளரால் முடியவில்லை. தோள்கட்டோடு வெளியே வந்து, ஆளில்லாத படிக்கட்டில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். பையில் செல்போன் அடித்தது. எடுத்துப் பார்த்ததும் அவர் அழுகை ஆத்திரமாக மாறியது.

"மேடத்துக்குக் கண்ணு போயிடுச்சுடா, பாவி!"

மறுமுனையில் டயர் அலட்டிக்கொள்ளவில்லை.

"அதை விடுங்க அத்தான், அக்கா எழுதின புத்தகம் தேறிடுச்சுல்ல?"