ஜெயந்தனின் முறை

“இந்த மாசம் முடியட்டும். மறுகா இந்த விளையாட்டின்ட முதலாம் பாகத்தை அழிச்சுப்போட்டு ரெண்டாம் பாகத்தை ஏத்திருவன்” என்றான் நஸீர்.

சுதாகரன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அழிக்காதீங்க நஸீர் நானா. ஜெயந்தன் இன்னும் ஆடுறான்தானே.”

செத்தவன் ஆடுகிறானாம். நஸீருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மட்டக்களப்பு நகரத்தில் அவன் நடத்தியது சின்னக் கம்ப்யூட்டர் கடை. அன்னப்பூரணி வீட்டு முன்னறையை வாடகைக்கு எடுத்துப் போட்டது. அந்த யுத்த விளையாட்டின் ரெண்டாம் பாகம் வந்த பிறகு, முதலாம் பாகத்தை எந்தப் பொடியனும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ரெண்டாம் பாகத்தில் படைகள் நிற்காமல் ஓடும், கோட்டை கண் முன்னால் எரியும், யாருக்காகவும் காத்திருக்காது. முதலாம் பாகம் சுத்த மாட்டுவண்டி. ஒருவன் தன் முறையை ஆடிவிட்டு எழும்பினால், மற்றவன் வந்து ஆடும்வரை மாதக்கணக்கிலும் அப்படியே கிடக்கும்.

மூலையில் இருந்த பழைய மிசினில் சுதாகரனும் அன்னப்பூரணியின் மகன் ஜெயந்தனும் அப்படித்தான் ஆடிக்கொண்டிருந்தார்கள். பிறகொரு நாள் இயக்கத்துக்கு ஆள் பிடிக்க வந்தவர்கள் ஜெயந்தனை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இந்த வருடம் மே மாதம் யுத்தம் முடிந்தது. தடுப்பு முகாமிலிருந்து திரும்பிய கிரான் ஊர்ப் பொடியன் ஒருவன், சண்டையில் செத்த ஜெயந்தனைத் தன் கையாலேயே புதைத்ததாக வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனான்.

“ஆள் மாறியிருக்கும்” என்றாள் அன்னப்பூரணி. முப்பத்தோராம் நாள் கிரியை செய்யச் சொல்லிச் சொந்தக்காரர்கள் வந்தபோதும் முடியாது என்று அனுப்பிவிட்டாள்.

செய்தி வந்த அந்த வாரமே அது தொடங்கியிருந்தது. வெள்ளிக்கிழமைகளில் நஸீர் கடையைப் பூட்டிவிட்டு ஜும்ஆத் தொழுகைக்குப் போய் வந்து திறந்தால், ஜெயந்தனின் முறை ஆடப்பட்டிருக்கும்.

அவனுடைய ரகசியச் சொல்லைப் போடாமல் அவன் படையை யாரும் அசைக்க முடியாது. அந்தச் சொல்லை அவன் ஒருவருக்கும் சொன்னதில்லை. படை நடந்துகொள்கிற விதமும் சரியில்லை. காட்டுக்குள்ளிருந்து வரும். சுதாகரனின் கோட்டையைச் சுற்றி வளைத்து நிற்கும். அடிக்காது. நெல் மூட்டைகளை வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பக் காட்டுக்குள் போய்விடும்.

“மாமி, அவன் ஆடியிருக்கான்” என்று சுதாகரன் உள்ளே ஓடுவான். அன்னப்பூரணி வந்து திரையைப் பார்ப்பாள். “என்ட புள்ள” என்பாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விடுவாள்.

எல்லாம் இவன் வேலை என்று நஸீர் முடிவு கட்டினான். சுனாமியில் நாவலடி வீடும் பெற்றோரும் போய் நடுத்தெருவில் நின்ற சுதாகரனை அன்னப்பூரணிதான் தன் மகனோடு மகனாக வளர்த்தாள். சோறு போட்டவளையே ஏமாற்றுகிறானே, இவனெல்லாம் ஒரு மனிதனா?

அடுத்த வெள்ளி காலையிலேயே, வயர் வாங்கி வரச் சொல்லி அவனை ஏறாவூருக்கு அனுப்பினான். தொழுதுவிட்டு வந்து கடையைத் திறந்தான். பூட்டு போட்டபடியே இருந்தது. சுதாகரன் இன்னும் வரவில்லை.

கோட்டை வாசலில் புதிதாக நெல் மூட்டைகள் கிடந்தன.

நஸீர் வாசல்வரை பின்வாங்கினான். தெரிந்த குர்ஆன் ஆயத்தையெல்லாம் ஓதினான். அன்றைக்கு அந்த மூலைப் பக்கம் அவன் போகவே இல்லை.

அதற்கடுத்த வெள்ளி சுதாகரனை மறுபடி வெளியே அனுப்பினான். பள்ளிவாசலுக்குப் புறப்பட்டவன் பாதி வழியில் திரும்பி வந்து, கடையின் பலகைக் கதவு இடுக்கில் கண்ணை வைத்தான்.

உள்ளே இருட்டு. பழைய மிசின் மட்டும் நீலமாக எரிந்தது. அந்த வெளிச்சத்தில் ஒரு விரல் மெதுவாக எழுத்துத் தேடிக்கொண்டிருந்தது. யாரோ யாரிடமோ தாழ்ந்த குரலில் பேசுவதும் கேட்டது.

“பசிக்குதா மனே? இரி, அனுப்புறன்.”

நஸீர் பூட்டைத் திறந்தான். வீட்டுக்குள் போகும் உள்கதவு ஒருக்களித்துக் கிடந்தது.

அன்னப்பூரணி திரும்பிப் பார்க்கவில்லை. “கதவைச் சாத்து தம்பி. வெளிச்சம் அடிக்குது.”

“அக்கா... நீங்களா?”

“தேத்தண்ணி கொண்டு வந்து, இவனுகளுக்குப் பின்னுக்கு நிண்டு எத்தினை நாள் பார்த்த நான். அடிக்கத் தெரியா. நெல்லு அனுப்ப மட்டும்தான் தெரியும்.”

“அந்த ரகசியச் சொல்லு?”

“சின்ன வயசில நான் கூப்பிட்ட பேர். வேற என்ன வெப்பான் அவன்?”

நஸீர் வாசலிலேயே குந்திவிட்டான். “ஜெயந்தன் வருவான் எண்டு நம்பியா இதைச் செய்யிறீங்க?”

“அவன் எங்க வாற? முப்பத்தொண்டையும் முகத்துவாரத்தில நான் தனியச் செஞ்சு முடிச்சிட்டன்.” அவள் குரல் உடையவில்லை. “செய்தி வந்த அண்டைக்கு சுதாகரன் வாவிக்குள்ள இறங்கிப் போயிட்டான். தோணிக்காரர்தான் இழுத்துப் போட்டவங்க. நாலு நாளா பச்சைத் தண்ணி குடிக்கல்ல. முதல் தரம் இதை ஆடி வெச்ச அண்டைக்குத்தான் எழும்பிச் சோறு கேட்டான். ஒண்டைப் பறிகொடுத்திட்டன் தம்பி. இவனும் போனா நான் ஆருக்கு உலை வைக்கிற? அவனுக்குச் சொல்லிப் போடாத.”

நஸீர் தலையை மட்டும் ஆட்டினான். அந்தப் பொடியனைப் பற்றி மனதுக்குள் சொன்னதையெல்லாம் நினைக்க வெட்கமாக இருந்தது.

பின்னேரம் சுதாகரன் வந்தான். வழக்கம்போல உள்ளே ஓடினான், கூப்பிட்டான், காட்டினான். அன்னப்பூரணியும் வந்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

“முதலாம் பாகம் கிடக்கட்டும் சுதா. நான் அழிக்கல்ல” என்றான் நஸீர்.

சுதாகரன் உள்கதவை ஒரு தடவை பார்த்தான். பிறகு பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

“பெரிய உதவி நானா. அவன் இல்லை எண்டு எனக்குத் தெரியும். ஆடுறது ஆர் எண்டும் தெரியும். மாமிக்கு மட்டும் சொல்லிப் போடாதீங்க. தன்ட புள்ளைக்கு எண்டு அவவுக்குச் செய்யக் கிடக்கிறது இது ஒண்டுதான்.”