நேராக்கிய பெயர்

கணினி வழியே மரம் செதுக்கும் இலுப்பூர் சி.என்.சி. மரப்பட்டறையில் சரவணக்குமாருக்குச் சிரிப்பு வந்தது. பலகையில் செதுக்கித் தரச்சொல்லி வாடிக்கையாளர் அமராவதி அனுப்பிய படத்தில் ‘அமுதம்’ என்ற பெயர் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறியிருந்தது.

கேட்டால் அந்த அம்மா சங்கடப்படுவார் என்று அவன் போன்கூடச் செய்யவில்லை. தானே பெயரை நேராக்கினான். எழுத்துகளின் ஓரமாகச் செதுக்கும் டூல் ஓடவேண்டிய பாதையையும் புதிதாக அமைத்தான். தேக்குப்பலகையில் எழுத்துகள் அழகாகப் புடைத்து நின்றன.

மறுநாள் அமராவதி வந்தார்.

“எழுத்து மாறியிருந்துச்சுங்கக்கா, நானே திருத்திட்டேன். வாசல்ல மாட்டுனா அம்சமா இருக்கும்.”

அமராவதி பையிலிருந்த ஈரக் களிமண்ணை எடுத்து, பலகையை அதில் அழுத்தித் தூக்கினார். களிமண்ணில் பெயர் இடவலம் மாறிப் பதிந்திருந்தது.

“வாசல்ல மாட்ட இல்லப்பா, செங்கல்லுல பேரு பதிக்கிற அச்சு இது. காளவாசல்ல பத்துப் பேரு மண்ணைக் கொழச்சு வச்சுக்கிட்டு நிக்கிறாங்க.”