கூப்பிட்டால் போதும், உடனே வருவோம்

“வணக்கம் மேடம். அடைப்புன்னு போன் பண்ணியிருந்தீங்களாமே?” என்றார் முதலாளி, கையில் தொப்பியுடன்.

கதவைத் திறந்த பெண்மணி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தெருவில் நின்ற வேனைப் பார்த்தாள். ‘கூப்பிட்டால் போதும், உடனே வருவோம்’ என்று அதன் பக்கவாட்டில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது.

“பரவாயில்லையே, நிஜமாவே வந்துட்டீங்க” என்றாள்.

புது டிரைவருக்கு அன்று முதல் நாள் வேலை. பல வருஷம் தண்ணீர் லாரி ஓட்டியவன். காலையில்தான் முதலாளி அவனை உட்காரவைத்து ஒரு பாடம் எடுத்திருந்தார். மற்றவர்கள் குழாயை மட்டும் சுத்தம் செய்கிறார்கள், நாம் வாடிக்கையாளரின் மனக்குறையையும் சேர்த்துச் சுத்தம் செய்கிறோம், ஆகவே அவர்கள் என்ன சொன்னாலும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசக் கூடாது என்பது பாடத்தின் சாரம்.

பாடத்தின் நடுவே போன் அடித்தது. எடுத்தவன் டிரைவர்தான். ஒரு பெண் முகவரியைச் சொல்லி, முதலாளியே நேரில் வந்தாக வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். முகவரியைக் கேட்டதும் முதலாளி பாடத்தைப் பாதியில் விட்டு எழுந்தார். என்னவொரு தொழில் பக்தி என்று டிரைவர் அசந்துபோனான்.

வீட்டுக்குள் நிலைமை மோசம்தான். சமையலறைத் தொட்டியில் சாம்பல் நிறத் தண்ணீர் விளிம்புவரை நின்றது. குளியலறையில் கணுக்கால் அளவு தண்ணீர். அதில் ஒரு பிளாஸ்டிக் மக் கவலையில்லாமல் மிதந்துகொண்டிருந்தது.

எத்தனை நாளாக இப்படி என்று டிரைவர் கேட்டான். மழைக்காலத்துக்கு முன்பிருந்தே என்றாள் அவள். புருஷனிடம் சொல்லாத நாளில்லையாம். அவரும் நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லாத நாளில்லையாம். பத்துப் பாத்திரத்தையும் கொல்லைக் குழாயடியில் குந்தித்தான் கழுவுகிறாளாம். ஒரு வாரம் தங்குவதாக வந்த தங்கை குடும்பம், மூக்கைப் பொத்திக்கொண்டு அன்று மத்தியானமே கிளம்பிவிட்டதாம்.

இதையெல்லாம் அவள் டிரைவரிடம் சொன்னாள். பார்வை மட்டும் முதலாளி மேல் இருந்தது.

“சார் அவ்வளவு பிஸியா மேடம்?” என்று டிரைவர் கேட்டுவிட்டான்.

“ஆமா. அவருக்கு ஊர் வேலையே சரியா இருக்கு.”

முதலாளிக்கு இருமல் வந்தது. ஹோஸை எடுக்கச் சொல்லிவிட்டு, வீட்டின் பக்கவாட்டுச் சந்துக்குப் போனார். வரிசையாக இருந்த பூந்தொட்டிகளில் மூன்றாவதை நகர்த்தினார். அடியில் கழிவுத்தொட்டியின் மூடி இருந்தது. யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அனுபவம் என்றால் இதுதான் என்று டிரைவர் மனதுக்குள் கும்பிடு போட்டான்.

வேனிலிருந்த பம்பு உறுமியது. ஹோஸின் முனையிலிருந்து தண்ணீர் பின்பக்கமாகச் சீறிப் பாய, அந்த வேகத்தில் ஹோஸ் தானே குழாய்க்குள் ஊர்ந்துபோனது. அவள் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். சுவரில் தெறிக்கக் கூடாது என்றாள். செடி மேல் ஹோஸைப் போட்டு இழுக்கக் கூடாது என்றாள். வேலை முடிந்ததும் சேற்றுக் காலோடு உள்ளே வரக் கூடாது என்றாள். ஒவ்வொன்றுக்கும் முதலாளி “சரிங்க மேடம்” என்றார். பாடம் நடத்துகிறவர் இப்படி நடந்தும் காட்டுவது டிரைவருக்குப் புதிது.

கொஞ்ச தூரம் போனதும் ஹோஸ் முட்டி நின்றது. பம்பை நிறுத்திவிட்டு முனையை மாற்றினார் முதலாளி. அந்த அமைதியில் அவள் குரல் முதல்முறையாகத் தணிந்து வந்தது.

“இன்னிக்கும் சரியாகலேன்னா எங்க அம்மா வீட்டுக்குப் போயிடலாம்னு இருக்கேன். பெட்டி கட்டியாச்சு.”

முதலாளியின் கை அப்படியே நின்றது. நெற்றியில் வழிந்த அழுக்குத் தண்ணீரைத் துடைக்கவும் தோன்றாமல் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

“சரியாயிடும்” என்றார். மேடம் என்பதைச் சேர்க்க மறந்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் வேலை செய்த விதமே வேறு. மண்டி போட்டு, தோள்வரை தொட்டிக்குள் கையை விட்டு, ஹோஸை முன்னும் பின்னும் இழுத்து இழுத்து விட்டார். வெள்ளை வெள்ளையாகக் கொழுப்புக் கட்டிகள் உடைந்து வந்து விழுந்தன. கடைசியில், மாதக்கணக்காக அடக்கிவைத்த ஏப்பத்தை விட்டதுபோல் குழாய் ஒரு சத்தம் போட்டது. சமையலறைத் தொட்டியில் தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கியது.

அவள் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிப் பார்த்தாள். போனது. நம்பாமல் இன்னொரு வாளி கொட்டினாள். அதுவும் போனது. காலி வாளியைப் பிடித்துக்கொண்டு, ஓட்டையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

முதலாளி கைகால் கழுவிக்கொண்டு வாசற்படிக்கு வெளியே நின்றார்.

“வேற ஏதாவது குறை இருக்குங்களா மேடம்?”

“நிறைய இருக்கு. அதுக்கெல்லாம் உங்ககிட்ட மிஷின் கிடையாது.”

முதலாளி தலையைக் குனிந்தபடி வந்து வேனில் ஏறினார். டிரைவருக்கு மனசே ஆறவில்லை. பொண்டாட்டியை இப்படிச் சாக்கடைத் தண்ணீரில் நிற்கவிட்ட அந்த மகானுபாவனை ஒரு தடவையாவது நேரில் பார்க்க வேண்டும் என்று சொன்னான். முதலாளி சீட் பெல்ட்டை மாட்டுவதில் மும்முரமாக இருந்தார்.

வேன் கிளம்பும் நேரம் அவள் கேட்டைத் திறந்துகொண்டு வந்து, முதலாளி பக்கத்து ஜன்னலைத் தட்டினாள்.

“சாயங்காலம் வர்றப்போ, நம்ம பொண்ணை ஸ்கூல்லேர்ந்து கூட்டிட்டு வந்துடுங்க.”