ஊர்க் கிணறு

"மொதல்ல ஊர்க் கெணறு எப்டி கீதுன்னு சொல்லுங்க சார். எங்க கெணத்த அப்பால பாத்துக்கலாம்."

ஜீப் வந்து நின்றதும் ஒவ்வொரு மாதமும் ஆசீர்வாதம் கேட்கிற முதல் கேள்வி இதுதான். இன்ஜினீயர் மணவாளன் சிரித்துக்கொண்டே பதில் சொல்வார். இன்றைக்குச் சிரிக்கவில்லை.

நெய்வேலிச் சுரங்கத்தைச் சுற்றி நிலத்தடி நீர்மட்டம் அளந்துகொண்டிருந்த அவரை 1972இல் மீஞ்சூர் பக்கம் அனுப்பியிருந்தார்கள். இங்கே கடல் உப்பு பூமிக்கடியில் மேற்கே நகர்ந்துகொண்டிருந்தது. எதுவரை வந்திருக்கிறது என்று கிணறு கிணறாகப் பார்ப்பது அவர் வேலை.

"ஊர்க் கிணறு நல்லாத்தான் இருக்கு. ஆனா உப்பு உங்க கிணத்துக்குப் பக்கத்துல வந்துடுச்சு. கடலுக்கும் ஊருக்கும் நடுவுல இருக்கறது உங்க கிணறு ஒண்ணுதான். நீங்க மோட்டார் போடப் போட உப்பு உள்ளே வரும். அடுத்தது ஊர்க் கிணறுதான்."

"மோட்டாரை நிறுத்திட்டா?"

"உங்க நீர்மட்டம் ஏறும். கடலை அதுவே தடுத்துடும். குடிக்க நாலு குடம் எடுத்தா ஒண்ணும் ஆகாது, வயலுக்கு இறைக்கறதுதான் ஆபத்து. ஆனா நிறுத்துன்னு சொல்ல எனக்கு அதிகாரம் இல்லே. பயிர் வேற கதிர் விடற நேரம். யோசிச்சுச் சொல்லுங்க."

வரப்பில் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்த ஆசீர்வாதத்தின் மனைவி முத்தம்மா பதறினாள். "இன்னாய்யா யோசன பண்ணிக்கினு கீறே? அத்தினி பயிரும் காஞ்சிபூடும். நாம இன்னாத்த துன்றது?"

ஆசீர்வாதம் பச்சைப் பயிரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "கும்மிடிப்பூண்டில கம்பெனி கட்டிக்கினு கீறாங்க. கல்லு தூக்கப் போறேன்" என்றார். நேராக மோட்டார் கொட்டகைக்குள் போனார்.

குழாயில் கொட்டிக்கொண்டிருந்த தண்ணீர் மெலிந்து, சொட்டி, நின்றது. முத்தம்மா வீட்டுக்கு நடந்தாள்.

பயிர் காய்ந்தது. மாடுகளை விட்டு மேய்த்தார்கள். ஆசீர்வாதம் விடியற்காலை ரயிலில் வேலைக்குப் போய், தோல் உரிந்த தோளோடு திரும்பினார். மணவாளன் வருகிற நாளில் மட்டும் கூலியை விட்டுவிட்டுக் கிணற்றடியில் காத்திருந்தார்.

அடுத்த மழைக்காலம் முடிந்து வந்தபோது மணவாளன் ஜீப்பிலிருந்து குதிக்காத குறை.

"ஆசீர்வாதம், உப்பு நின்னுடுச்சு! உங்க கிணத்துல தண்ணி எவ்வளவு மேலே வந்திருக்கு பாருங்க. ஊர்க் கிணறு இளநீர் மாதிரி இருக்கு!"

ஆசீர்வாதத்தின் காய்த்துப்போன கைகளைப் பிடித்துக்கொண்டார்.

"நான் பாத்த கிணத்துக்குக் கணக்கே இல்லே. தானா மோட்டாரை நிறுத்தின மனுஷனை இப்பத்தான் பாக்கறேன். ஏறுங்க ஜீப்புல. ஊர்க் கிணத்துல ஒரு வாய் தண்ணி குடிப்போம். இது உங்களாலதான்னு எல்லார்கிட்டேயும் நானே சொல்றேன்."

ஆசீர்வாதம் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

"நீங்க போயி குடிங்க சார். எங்க சேரி சனம் அந்தக் கெணத்தாண்ட போவக் கூடாது. எங்க தாத்தா காலத்துலேர்ந்து அப்டித்தான். அதனாலதான் நான் இங்க தனியா கெணறு வெட்டினேன்."

மணவாளன் தரிசாகக் கிடந்த வயலைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒரு சொட்டுத் தண்ணி தராதவங்களுக்காகவா பயிரைக் காய விட்டீங்க?"

"அவுங்களுக்காகன்னு யாரு சொன்னாங்க?" என்றார் ஆசீர்வாதம். "எம்பொண்ணு ஒரு நாளு அந்தக் கெணத்துல கொடத்த எறக்கத்தான் போறா சார். அன்னிக்கு அதுல உப்பு இருக்கக் கூடாது."