ஆணியில் மாட்டிய சட்டை

"எட்டப் போ! தொடாதேன்னு உனக்கு எத்தனை தடவை சொல்றது?"

ஷஹாத்தா போட்ட சத்தத்தில், ஓடி வந்த ருகையா பாதிப் படியிலேயே நின்றுவிட்டாள். ஆறு வயசுக் குழந்தை. விரித்த கைகளை மெதுவாக இறக்கிக்கொண்டாள்.

அவன் மகளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மொட்டை மாடிக்கு ஏறினான். தினமும் இதே கூத்துதான். விடியலிலிருந்து நண்பகல் வரை கெய்ரோ மேம்பாலத்தில் ரோடு கூட்டுகிற வேலை. வந்ததும் ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றிப் புறாக் கூண்டுக்கு மேலே ஆணியில் மாட்டுவான். வாளித் தண்ணீரில் குளிப்பான். அங்கியை மாட்டிக்கொண்டு கீழே வந்து, ரொட்டியும் அவித்த மொச்சையுமாகத் தனியே ஒரு மூலையில் உட்கார்ந்துவிடுவான்.

"பொண்ணாப் போச்சேன்னு இன்னுமா கறுவிக்கிட்டிருக்கான் உன் புருஷன்?" என்றாள் எதிர்வீட்டு உம் ஹம்தி. "கல்லு மனசுடி அவனுக்கு!"

பெண்டாட்டியாகிய நகாத்துக்கும் அதே நினைப்புதான்.

ருகையாவோ அழவில்லை. "புறாவுக்குச் சோளம் போட்டுட்டு வரேம்மா" என்று, அப்பா இறங்கியதும் மாடிக்கு ஓடினாள். மத்தியானம் முழுக்க அங்கேதான் கிடப்பாள்.

கொஞ்ச நாளாகக் குழந்தை வெளிறிப்போயிருந்தாள். அடிக்கடி வயிற்றுவலி. போன மாதம் படித்த எழுத்தெல்லாம் இந்த மாதம் மறந்துபோயிற்று. கண்ணேறு என்று சொல்லி உம் ஹம்தி நீல மணி கட்டிவிட்டாள். அதற்கும் சரியாகாமல் கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பஸ்ஸில்கூட ஷஹாத்தா இரண்டு இருக்கை தள்ளித்தான் உட்கார்ந்தான்.

டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைத் தாளை இரண்டு முறை பார்த்தாள்.

"ரத்தத்துல ஈயம் ஏறியிருக்கு. ரொம்பவே. வீட்டுல யாராவது பேட்டரி வேலை, பெயின்ட் வேலை பார்க்கிறீங்களா?"

"இல்ல டாக்டர். இவரு ரோடு கூட்டுறாரு" என்றாள் நகாத்.

ஷஹாத்தாவுக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

"இருக்கவே இருக்காது டாக்டர்! ரெண்டு வருஷம் முன்னாடி காலேஜ்காரங்க பாலத்துத் தூசியை அள்ளிட்டுப் போனாங்க. ஈயம் இருக்கு, பிரேக் தேஞ்ச பொடி இருக்கு, குழந்தைங்க மேல படவே கூடாதுன்னாங்க. அன்னிலேருந்து நான் இவளைத் தொட்டதே இல்ல. எவ்வளவு தேய்ச்சாலும் இந்த நகத்துக் கறுப்பு போகமாட்டேங்குதே, எப்படித் தொடுவேன்?"

நகாத் அவன் பக்கம் திரும்பினாள். "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே, பாவி மனுஷா!"

"சொன்னா வேலையை விடுன்னு சொல்லுவே. விட்டுட்டு என்னத்தைச் சாப்பிடறது?"

டாக்டரம்மா அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள். "நல்லா சோப்புப் போட்டுக் குளிச்சிட்டு, துணியை மாத்திட்டுத் தாராளமாத் தூக்கிக் கொஞ்சியிருக்கலாமே! அழுக்குத் துணிதாங்க ஆபத்து. அதை எங்க வைக்கிறீங்க?"

"மாடியில. வீட்டுக்குள்ள கொண்டுவர்றதே இல்ல. வெள்ளிக்கிழமை நானே துவைச்சிருவேன். இவங்க ரெண்டு பேரையும் தொடவிட்டதில்ல."

"சரியாயிடுமா டாக்டர்?" என்று கேட்டாள் நகாத்.

"மேற்கொண்டு ஏறாம பார்த்துக்கலாம். மறந்துபோனதெல்லாம் திரும்பி வருமான்னு என்னால சொல்ல முடியாதும்மா."

ருகையா நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா அவள் பக்கம் குனிந்தாள்.

"நீ மாடிக்குப் போவியா கண்ணு? அங்க என்ன பண்ணுவே?"

குழந்தை பயந்துபோய் அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

"கூண்டு மேல ஏறி அப்பா சட்டையை எடுத்துக் கட்டிப் பிடிச்சிட்டுத் தூங்குவேன். அது என்னை எட்டப் போன்னு சொல்லாது."