ஊதாப் புள்ளிகள்

மயக்க ஊசி போட்ட பெட்டை ஓநாய் வெள்ளிமலை வனக்கூண்டின் வாசலில் சாக்கின் மேல் கிடக்கிறது. அதன் காதுமடலிலிருந்து பிடுங்கிய உண்ணிகள் குப்பிக்குள் நெளிகின்றன. கரண்டு இல்லை, போனும் எடுக்கவில்லை. கால்நடை மருத்துவர் நிர்மலா நுண்ணோக்கியின் கண்ணாடியை வெயிலுக்குத் திருப்பி, சாயம் ஏற்றிய ஓநாய் ரத்தத்தைப் பார்க்கிறாள். ஒரு ரத்த அணுவில் இரண்டு ஊதாப் புள்ளிகள். உண்ணி கொடுத்த கிருமியா, சாயத் தூசியா? கிருமியென்றால் இப்போதே மருந்து ஏற்ற வேண்டும். தூசியென்றால் அந்த மருந்தே இந்த இளைத்த உடம்பைக் கொன்றுவிடும். பெரிய டாக்டரைக் கேட்கலாமென்றால், இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் கீழே சாலையெங்கும் மரம் வெட்டிப் போட்டிருக்கிறார்கள். "கால ஒதறுதுங்க டாக்டரம்மா. முழிச்சிக்கினா மொதல்ல என்னத்தான் விசாரிக்கும்," என்கிறார் தலையைப் பிடித்திருக்கும் காவலர் மாயவன். "கொஞ்சம் புடிங்கண்ணே." நுண்ணோக்கியின் திருகை மெல்லத் திருப்புகிறாள். தூசியென்றால் அணுவுக்கு மேலே கிடக்கும்; அணு மங்கும்போது அது மட்டும் தெளிவாக நிற்கும். மேகம் வெளிச்சத்தை மறைக்கிறது. ஓநாயின் தொண்டையில் உறுமல் புரள்கிறது. வெயில் திரும்புகிறது. அணு மங்குகிறது, புள்ளிகளும் கூடவே மங்குகின்றன. நம்பாமல் மறுபடி திருப்புகிறாள். சேர்ந்தே தெளிகின்றன. "கிருமிதாண்ணே. தலைய விட்டுடாதீங்க." மருந்துக் குப்பியை எடுத்து ஊசியில் ஏற்றி, ஓநாயின் பக்கம் குனிகிறாள்.