பல் டாக்டர் வழக்கில் ஒரு தீர்ப்பு

"அந்தத் தீர்ப்பு கிடைச்சுதா இல்லையா? ரெண்டுல ஒண்ணு சொல்லும்மா!"

சீனியர் வக்கீல் போட்ட சத்தத்தில் கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. நூலகர் அசரவில்லை. அந்த வக்கீல் அலுவலகத்தின் சட்ட நூலகத்தைப் பல வருஷங்களாகக் கட்டி மேய்ப்பவள் அவள். காது மரத்துப்போயிருந்தது.

"கிடைக்கல சார்."

"கிடைக்கலன்னா?"

"இனிமேலும் கிடைக்காது சார்."

பக்கத்தில் நின்ற சீனியரின் மாப்பிள்ளைக்கு முகமெல்லாம் பல். நூலகத்தைக் காலி செய்துவிட்டு அங்கே சோபாவும் காபி மெஷினும் போடலாம் என்று மாமனாரை அரித்துக்கொண்டிருப்பவர் அவர். அதற்கு முன்னோட்டமாக, கேட்ட நொடியில் தீர்ப்பைத் தேடித் தரும் செயற்கை அறிவு சாஃப்ட்வேர் ஒன்றையும் வாங்கிப் போட்டிருந்தார்.

"பார்த்தீங்களா மாமா? இதுக்குத்தான் தலையால அடிச்சுக்கறேன். இந்த அறைக்கு வாடகை வேற தண்டம்."

வழக்கு ஒன்றும் பெரிய மர்மமில்லை. இவர்கள் கட்சிக்காரர் ஒரு பல் டாக்டர். அவருடைய கிளினிக்குக்கு நேர் மேலே டிரம்ஸ் வகுப்பு. மாடியில் எவனாவது ஓங்கி அடித்தால் கீழே டாக்டரின் கை குலுங்கும். சொத்தைப் பல் பிழைத்துக்கொள்ளும், பக்கத்துப் பல் போய்விடும். வகுப்பை நிறுத்தச் சொல்லி வழக்குப் போட்டார். ஜெயிக்கிற வழக்குதான். ஆனால் எதிர் வக்கீல் எங்கிருந்தோ ஒரு பழைய தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு வந்து நீட்டினார். 'கலைக்காக எழும் ஓசை தொல்லை ஆகாது' என்று அதில் இருக்கிறதாம். வழக்கு குப்புற விழப் பார்த்தது.

"உங்க மெஷின்லயே கேளுங்களேன் சார்" என்றாள் நூலகர்.

மாப்பிள்ளை தட்டினார். வழக்கு எண், பக்க எண், சுருக்கம் எல்லாம் வந்து கொட்டியது.

"இதோ வருதே! மேடத்துக்குத்தான் தேடத் தெரியல."

"அப்படியே இன்னொண்ணும் கேளுங்க. பல் டாக்டருங்க கட்டாயம் டான்ஸ் ஆடணும்னு தீர்ப்பு ஏதாவது இருக்கான்னு."

மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே தட்டினார். சிரிப்பு பாதியில் நின்றது. இருக்கிறதாம். நோயாளி முன்னால் ஆட வேண்டாம் என்று ஒரு விதிவிலக்குகூடப் போட்டிருந்தது.

நூலகர் ஒரு தடித்த தீர்ப்புத் தொகுப்பை மேஜைமேல் விரித்தாள். "எதிர் வக்கீல் சொன்ன தொகுப்பு இதுதான் சார். அவர் சொன்ன பக்கத்துல முழுகிப்போன கப்பலோட இன்ஷூரன்ஸ் வழக்குதான் இருக்கு. கோர்ட் பதிவறையிலயும் விசாரிச்சுட்டேன். அப்படி ஒரு வழக்கே நடக்கல. அவரும் இந்த மாதிரி ஒரு மெஷினைத்தான் கேட்டிருக்கார். அது அளந்து விட்டிருக்கு."

சீனியரின் கண்கள் பளபளத்தன.

"நாளைக்குக் கோர்ட்ல அவன் மானத்தை வாங்கிடறேன். நீயும் புத்தகத்தோட வந்துடும்மா." பிறகு மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "நீங்க காபிய வெளியில போய்க் குடிங்க."

மறுநாள் கோர்ட்டில் நூலகர் தொகுப்பை மடியில் வைத்துக்கொண்டு சீனியருக்குப் பின்னால் உட்கார்ந்தாள். எதிர் வக்கீலின் பார்வை அந்தப் புத்தகத்தின்மேல் விழுந்தது. வேர்த்துக் கொட்டியது மனிதருக்கு. அவருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது போலிருக்கிறது.

சீனியர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார்.

"யுவர் ஆனர், எதிர்த்தரப்பு காட்டின தீர்ப்பைப் பத்தி ஒரு திடுக்கிடும் உண்மையை..."

எதிர் வக்கீல் துள்ளி எழுந்தார். "யுவர் ஆனர், நானே சொல்லிடறேன். அந்தத் தீர்ப்பு விஷயத்துல எங்க பக்கம் ஒரு சின்னக் கைப்பிசகு..."

நீதிபதி கையை உயர்த்தினார்.

"ரெண்டு பேரும் உட்காருங்க. அந்தத் தீர்ப்பைப் பத்தி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி அடக்கமாகப் புன்னகைத்தார். "அதை எழுதினதே நான்தான்."

சீனியர் எதிர் வக்கீலைப் பார்த்தார். எதிர் வக்கீல் சீனியரைப் பார்த்தார். நூலகர் கப்பல் முழுகிய பக்கத்தைப் பார்த்தாள்.

"ஒவ்வொரு வரியும் செதுக்கினது" என்றார் நீதிபதி. "சோறு தண்ணி இல்லாம உட்கார்ந்து எழுதினேன்."

"அபாரமான தீர்ப்பு, யுவர் ஆனர்!" என்றார்கள் இரண்டு வக்கீல்களும் ஒரே குரலில்.

"என்ன பிரயோஜனம்? என்கிட்ட அதோட நகல் ஒண்ணுகூட இல்ல. மத்தியானத்துக்குள்ள யாராவது தேடிக் கொண்டு வந்து குடுங்க. அதுல நான் என்ன சொல்லியிருக்கேனோ, அதன்படிதான் இங்கயும் உத்தரவு."

சீனியர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார். குரல் கெஞ்சியது.

"அம்மா தாயே, நீதான் காப்பாத்தணும். இனிமே உன் லைப்ரரி மேல ஒருத்தனும் கை வைக்க மாட்டான். எப்படியாவது தேடிக் குடுத்துடு."

நூலகர் தொகுப்பை மூடினாள். பையிலிருந்து பேனாவை எடுத்தாள்.

"தேடற வேலை முடிஞ்சுபோச்சு சார். நாம ஜெயிக்கிற மாதிரிதானே எழுதணும்?"